ஆணியில் தொங்கிய இடது செருப்புகள்

"இடது காலு செருப்ப கழட்டுங்க டீச்சர்."

முதன்முதலாக அவர் என்னிடம் பேசியது இதுதான். வணக்கம் இல்லை. காருக்கு என்ன கோளாறு என்ற விசாரிப்பும் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. பலகையில் பேர் கிடையாது. 'கிளட்ச் வேலை செய்யப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கும். என் போனில் இன்றைக்கும் அவர் 'கிளட்ச் அண்ணன்'தான். பல வருடம் பழகியும் அவர் பேரை நான் கேட்டதில்லை. அவரும் என் பேரைக் கேட்டதில்லை.

நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று பிறகொரு நாள் கேட்டேன். "செருப்பு மேல சாக்பீஸ் தூளு இருந்துச்சே" என்றார்.

அன்றைக்கு என் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் தடவினார். பாதத்தின் முன்பகுதி படுகிற இடத்தில் ரப்பரின் வரிகள் எல்லாம் தேய்ந்து வழுவழுப்பாக ஒரு குழி. நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"பிளேட்டு போயிடுச்சி. வண்டிய அப்புறமா பாக்கறேன்."

"வண்டியப் பாக்காம எப்படிண்ணே சொல்றீங்க?"

"வண்டி இன்னா பண்ணும், பாவம்" என்றார்.

கிளட்ச் என்றால் என்ன என்பதை அவர் தன் இரண்டு உள்ளங்கைகளை வைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி விளக்குவார். ஒரு கை இன்ஜின், இன்னொரு கை சக்கரம். "ரெண்டயும் இறுக்கி சேத்துப் புடிச்சா சூடு வருதா? வர்ல. முழுசா பிரிச்சா வருதா? வர்ல. லேசா ஒட்டியும் ஒட்டாம தேச்சிக்கினே இருந்தா வருது பாரு, அதான் உன் பிளேட்ட எரிக்கறது. பெடல்ல காலு சும்மா இருக்குதுன்னு நீ நெனச்சிக்கினு இருக்க. அது சும்மா இல்ல. தேச்சிக்கினு இருக்குது."

நான் எட்டாம் வகுப்புக்கு உராய்வு பாடம் நடத்துகிறவள். உராய்வினால் வெப்பம் உண்டாகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதே சாயந்திரம் கிளட்ச் மேல் காலை வைத்தபடியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனவள். பயந்த சுபாவம். எது எப்போது குறுக்கே வருமோ என்று கால் எப்போதும் தயாராக இருக்கும். அதை ஜாக்கிரதை என்று நினைத்திருந்தேன்.

அவருடைய வைத்தியம் விசித்திரமானது. புதுப் பிளேட் போட்டு வண்டியைக் கொடுப்பார்; இடது செருப்பைக் கொடுக்க மாட்டார். கொட்டகையின் பின்சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். அதில் உங்கள் செருப்பு ஒரு வாரம் தொங்க வேண்டும். "வெறுங்கால்ல பெடல் மேல வெச்சா உறுத்தும். வெயில்ல நின்ன வண்டின்னா சுடும். சுட்டா காலு தானா எடுத்துக்கும். நான் சொன்னா எடுக்குமா?"

முதல் நாள் நான் ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூடம் போனேன். பிரேயரில் நிற்கும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய செருப்பு போன மாதம் அதே சுவரில் தொங்கியது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சுவரைப் பார்க்கவே ஒரு வேடிக்கை. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பளபளக்கும் ஷூ, எல்லாமே இடது கால். புதிதாக வருகிறவர்கள் இது ஏதோ செருப்புத் தைக்கிற கடை என்று நினைத்து, பிய்ந்த வாரை நீட்டியதும் உண்டு. அதையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தைக்கறது பஸ் ஸ்டாண்டுகிட்ட. ஆனா உங்க கிளட்ச்ச ஒரு தபா காட்டிட்டு போங்க" என்பார்.

கரும்பு வெட்டு தொடங்கினால் அவருக்கு வேலை ஜாஸ்தி. எங்கள் பக்கத்து ரோடுகளில் அப்போது கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலையைப் பார்த்து ஊர்ந்து போகும். முந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. பின்னால் போகிற கார்க்காரர்கள் பாதி கிளட்ச்சிலேயே மைல் கணக்கில் நகர்வார்கள். "ஆலைல கரும்ப புழியறாங்க. ரோட்டுல பிளேட்ட புழியறாங்க" என்பார்.

புதுக் கார் வாங்கினவர்கள் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை அவரால் நின்று பார்க்கவே முடியாது. பழம் ஓடிவிடாமல் அங்குலம் அங்குலமாக ஓட்டுவார்கள். சொந்தக்காரர்கள் முன்னால் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையாட்டுவார்கள். ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டுகிறவர்களும் உண்டு. ஒரு முறை அவர் ஐயரையே தள்ளிக்கொண்டு போய், பழத்தைக் குதிகாலால் தானே நசுக்கிவிட்டு, "ஆயிடுச்சி, சாமி ஏத்துக்கினாரு, கெளம்புங்க" என்று சொல்லியிருக்கிறார். வண்டிக்காரர் வீட்டு அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். ஆனால் அந்த வண்டி பல வருடம் அவர் கடைப்பக்கம் வரவில்லை என்று பெருமையாகச் சொல்வார். வேலை கம்மியானதற்குப் பெருமைப்பட்ட மெக்கானிக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நீங்கள் பேசப் பேச அவர் பார்வை உங்கள் காலில் இருக்கும். இது சிலருக்குக் கூச்சம், சிலருக்குக் கோபம். ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே தாலி கட்டுகிறார்கள். இவர் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செருப்பாகத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு தடித்த தோல் செருப்பை எடுத்து என்னிடம் காட்டினார்.

"இந்த ஆளு மலைக்கு வண்டி எடுத்தா பாதிலயே நிப்பாரு டீச்சர்."

அந்த ஆள் அப்போது பின்னாலேயே நின்றிருந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. நல்ல நிலபுலன் உள்ளவர்.

"இன்னாய்யா, என் செருப்ப தூக்கி இன்னா பாத்துக்கினு கீற?"

"திருடறதுக்கு இல்லீங்க. ஒத்த செருப்ப எவன் திருடுவான்?" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அதைத் துடைத்து, ஜோடியாகச் சேர்த்து அவர் காலடியில் வைத்தார்.

ஊரில் ஒரு மனிதரின் செருப்பை இன்னொருவர் தொடுவதில் எத்தனை மான அவமானம் இருக்கிறது. அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி செருப்பைக் காட்டச் சொல்வார். பெரியப்பா மூன்றே மாதத்தில் கடைக்கு வந்தார். வந்ததும் பேசாமல் இடது செருப்பைக் கழற்றி வைத்தாராம்.

ஆனால் அவரை நான் இப்போது அடிக்கடி நினைப்பது வேறொரு நாளுக்காக.

வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்று கிளட்ச் போய் வந்திருந்தது. கூடவே ஓனரும் டிரைவரும். டிரைவர் மலைக்காரர், முப்பது வயதிருக்கும், கைகட்டி ஓரமாக நின்றார். ஓனர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஆறே மாசத்துல பிளேட்ட எரிச்சிட்டான். இன்னியோட சாவிய வாங்கிக்கறேன். வேற ஆள் பாத்துக்கறேன்."

இவர் டிரைவரின் செருப்பை வாங்கித் திருப்பினார். குதிகால் தேய்ந்திருந்தது. முன்பக்கம் வரி வரியாக அப்படியே இருந்தது.

"இவன் இல்லீங்க."

"அப்போ யாரு, உங்க ஆயாவா?"

"எங்க ஆயாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க. ஞாயித்துக்கெழம வண்டிய யாரு ஓட்றது?"

ஓனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோமுகி அணைக்கும் மலைக்கும் போவார்.

"உங்க செருப்ப கொஞ்சம் காட்டுங்க" என்றார் இவர்.

கடையில் இருந்த எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்தோம். ஓனர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, காட்டாமலிருந்தால் அதுவே பதில் என்று புரிந்திருக்க வேண்டும், காலைத் தூக்கினார். முன்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. டிரைவர் சிரிக்கவில்லை. குனிந்து, பெஞ்சின் மேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஓனரின் செருப்பு அந்த வாரம் சுவரில் தொங்கியது. மலைக்குப் போகிற வண்டி என்பதால் வழக்கம்போல் ஒரு கட்டையையும் கொடுத்து அனுப்பினார். சக்கரத்துக்குப் பின்னால் போடுகிற முக்கோணப் புளியங்கட்டை. இழுத்து எடுக்க ஒரு கயிறு கட்டியிருக்கும். மலையேறுகிற எல்லா வண்டிக்கும் ஒன்று கொடுப்பார். எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்.

என் கதை அவ்வளவு கௌரவமாக முடியவில்லை. முதல் பிளேட் போட்டு ஒன்றரை வருடத்தில் இரண்டாவதும் போயிற்று. மறுபடி செருப்பு ஆணியில் ஏறியது. இந்த முறை ஒரு வாரம் ஒற்றைக்காலில் திரிய எனக்குப் பொறுமை இல்லை. பள்ளியில் ஆண்டாய்வு வேறு. அன்று சாயந்திரமே கடைவீதியில் புது ஜோடி வாங்கிவிட்டேன். மூன்றாம் நாள் காய்கறிக் கடையில் அவர் எதிரே வந்தார். வழக்கம்போல் காலைப் பார்த்தார். புதுச் செருப்பு. அப்புறம் நிமிர்ந்து, முதன்முதலாக, என் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சில வருடங்களுக்கு முன் கடையைக் காலி செய்துவிட்டு ஓசூர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் போனார். போன் நம்பரும் மாறிவிட்டது. போகும்போது சுவரில் மிச்சமிருந்த செருப்புகளை உரியவர்களிடம் சேர்க்கச் சொல்லி எதிர் டீக்கடையில் கொடுத்திருந்தார். என்னுடையது செய்தித்தாளில் சுற்றி வந்தது.

"'டீச்சர் வேற வாங்கிக்கினாங்கன்னு எனக்கு தெரியும், இருந்தாலும் குடுத்துடு'ன்னு சொன்னாருங்க" என்றார் டீக்கடைக்காரர்.

அதற்குள் பழைய வண்டியை விற்றுவிட்டேன். நான் திருந்திவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மகள் கால்நடை டாக்டர். எட்டு மாதத்துக்கு முன் வெள்ளிமலைப் பக்கம் வேலை கிடைத்தது. அவளுக்காகத்தான் புதுக் கார் வாங்கினோம். வாரநாட்களில் அவள் மேலே அறை எடுத்துத் தங்குவாள். சனிக்கிழமை பஸ்ஸில் கீழே வருவாள். ஞாயிறு மத்தியானம் நான் கொண்டுபோய் விடுவேன். மலை ஏறுவதை மட்டும் நான் ஓட்டுகிறேன், உனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன். வாரம் பூராவும் வண்டி என்னிடம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு, கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால்.

"அம்மா, வண்டி எனக்கு மேல வேணும்மா. மூணு ஊரு தாண்டி ஒரு பசு கன்னு போட முடியாம கெடக்குது, நான் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்கேன்" என்று அவள் பல முறை கேட்டாள். போன மாதம்தான், ஏறும்போது அவளே ஓட்டட்டும் என்று ஒத்துக்கொண்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், இறங்கும்போது வண்டியை நான் கொண்டுவருவேன் என்ற நிபந்தனையோடு.

இரண்டு வாரத்துக்கு முன் நடந்தது. பரிகம் தாண்டி மலையேற ஆரம்பித்து, ஒரு வளைவில் பஸ் இறங்கி வந்தது. மகள் ஓரமாக நிறுத்தி வழிவிட்டாள். மறுபடி எடுக்கும்போது இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. தீய்ந்த நாற்றம் வந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். பிறகு வண்டி மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. பின்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. இப்போதும் கண்ணை மூடினால் அந்த மர உச்சிகள்தான் வருகின்றன.

அவள் பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கட்டை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என் பையில் எப்போதும் டார்ச், கயிறு, வாந்திக்கு எலுமிச்சம்பழம், மூன்று விதமான மாத்திரை எல்லாம் இருக்கும். அந்தப் புளியங்கட்டை டிக்கியில் இருந்தது. பழைய வண்டியிலிருந்து மறக்காமல் மாற்றியிருந்தேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கீழே போகவிருந்த பஸ்ஸும் நின்றுவிட்டது. எங்களைத் தெரிந்த கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னாமா டீச்சர், வண்டி கீழ போவுது, நீங்க மேல கட்டை வெச்சிக்கினு கீறீங்க?"

சக்கரத்துக்கு முன்பக்கம் வைத்திருந்தேன். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரே இறங்கி வந்து பின்னால் மாற்றி வைத்தார். மகள் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தாள். நான்தான் கட்டையின் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்து டவுனுக்குக் கொண்டுவந்தோம். இப்போதெல்லாம் கண்ணாடி வைத்த ஒர்க்‌ஷாப். அங்கிருந்த ஆள் கரிந்த பிளேட்டைக் காட்டி, "புதுசா ஓட்டறாங்களா? பொண்ணா? அதாங்க" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் சாவியை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். "இனிமே பாப்பா ஓட்ட வேணாம். திங்கக்கெழமையே மாறுதலுக்கு எழுதிக் குடு. உளுந்தூர்பேட்ட, திருநாவலூருன்னு கீழயே எவ்ளோ மாடு இருக்குது."

"கீழ மாடும் இருக்குதுப்பா, டாக்டருங்களும் இருக்காங்க. மேல மாடு மட்டும்தான் இருக்குது."

"கிளட்ச்ச எரிச்சிட்டு பேச்சப் பாரு."

அவள் இரண்டு வாரம் பஸ்ஸிலேயே போய்வந்தாள். அவள் கீழே வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அந்தப் பழி அவள் மேலேயே இருக்கட்டும் என்று நான் இரண்டு வாரம் விட்டுவைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

போன சனிக்கிழமை வாசல் பெருக்கும்போது அவள் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. மாட்டுச் சாணமும் செம்மண்ணும் ஒட்டியிருந்தன. இடது செருப்பைக் கழுவிப் பார்த்தேன். எல்லா வரியும் அப்படியே இருந்தன. பிறகு என் காலில் இருந்ததைக் கழற்றித் திருப்பினேன். பார்ப்பதற்கு முன்பே தெரியும். கட்டை விரல் அந்தக் குழியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜீப் ஓனர் காலைத் தூக்குவதற்கு முன் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது அப்போது புரிந்தது.

மத்தியானம் சாப்பாட்டின்போது இரண்டு செருப்பையும் ஒரு தாளில் வைத்து வீட்டுக்காரர் முன்னால் கொண்டுபோனேன்.

"இன்னா இது, சோறு துன்ற எடத்துல?"

"பாருங்க. இது பாப்பாது. இது என்னுது."

அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளட்ச் அண்ணன் கடையில் அவருடைய செருப்பும் ஒரு வாரம் தொங்கியதுதான். என் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்ச் சாவியை எடுத்து மகளின் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, மோர் ஊற்றச் சொன்னார். மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி, பிறகு அடக்காமல் சிரித்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நான் ஓட்டறப்ப நீ பக்கத்துல உக்காந்து தரைய மிதிச்சிக்கினு வருவியே. அந்தப் பக்கம் கீழ போட்ட ரப்பர் மேட்டுலயே ஓட்ட விழுந்துடுச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

நேற்று ஞாயிறு. புதுப் பிளேட் போட்ட வண்டி வாசலில் நின்றது. அவள் தனியாகப் போவதாக ஏற்பாடு. நான் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு, கடைசி நேரத்தில், கச்சிராயபாளையம் வரைக்கும் மட்டும் வருகிறேன், அங்கிருந்து பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்று கைப்பையோடு இறங்கி வந்தேன். கேட்டருகே கால் சுளுக்கியது போலிருந்ததால் இடது செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றேன். அவள் சட்டென்று குனிந்து அதை எடுத்தாள். டிக்கியைத் திறந்து புளியங்கட்டைக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"சனிக்கெழம வந்து தரேன். இந்த தபா கடைக்கு போயி வேற வாங்கிடாத."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன். பன்னிரண்டரை மணி வெயில். வாசல் சிமெண்டுத் தரை கொதித்தது. தெருக்கோடியில் அவள் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டதும் என் இடது கால் தானாகவே தரையை அழுத்தியது. சுட்டது. எடுத்துக்கொண்டேன்.